டேட்டா டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லினக்ஸ் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் என்று நம் வட்டாரத்தில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை வீடியோக்களை எடிட் செய்யும் பலருக்குத் தனி ஸ்டுடியோ கிடையாது. வீட்டில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று நான்கு ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் சில காலம் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிற நான்காம், ஆறாம் தலைமுறை ஐ7 பெட்டிகளைத் தூக்கிப்போட மனம் வராமல் பலர், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வந்து, பாதியில் மாட்டிக்கொண்டு, "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று திரும்பிப் போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு லினக்ஸில் இல்லை, வேலையைச் செய்த வரிசையில் இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இதில் தவறினால் மற்றது எதுவும் பயன்படாது. லினக்ஸ் போடுவதற்கு முன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஃபுட்டேஜ் (எடுத்த வீடியோ) இருக்கும் எல்லா டிஸ்க்கின் சாட்டா கேபிளையும், அதாவது டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் டேட்டா கேபிளையும், உருவி விடுங்கள். பவர் கேபிளை உருவினாலும் சரிதான். சிஸ்டம் போடப்போகும் எஸ்எஸ்டி ஒன்று மட்டும் இணைப்பில் இருக்கட்டும். காரணம் இரண்டு. லினக்ஸை நிறுவும் இன்ஸ்டாலர் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைக்கும். இந்தப் பெயர்கள் நிரந்தரம் அல்ல, ஒருமுறை எஸ்டிபி என்று வந்தது அடுத்த முறை கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எஸ்டிசி ஆகலாம். ஒரே அளவில் இரண்டு 2 டிபி டிஸ்க் இருந்தால் எது காலி, எதில் முகூர்த்தம் இருக்கிறது என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதைத் தவறான டிஸ்க்கில் அழுத்தினால் ஒரு குடும்பத்தின் தாலிகட்டு போய்விடும். அதை மறுபடி எடுக்க முடியாது. இரண்டாவது காரணம், கம்ப்யூட்டரை எழுப்பும் பூட் கோப்புகள் வேறொரு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்வது. பின்னால் அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கஸ்டமரிடம் கொடுத்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நுழையக்கூடிய அமைப்புத் திரை) பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். சாட்டா மோடு ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தால் பல பெட்டிகளில் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது, ஏஹெச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். அதே எஸ்எஸ்டியில் விண்டோஸும் இருக்க வேண்டும் என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்து முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பாதி உறக்கத்தில் விட்டுவைத்த டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் எதையும் தொடும் முன் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிவையுங்கள்.

அதிகம் பேர் விழுகிற இடம் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. பென்டிரைவில் பூட் செய்ததும் கறுப்புத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். துவக்க மெனுவில் 'நோமோட்செட்' என்ற வார்த்தையைச் சேர்த்தால் படம் வந்துவிடும். மின்ட் என்ற லினக்ஸ் வகையில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' என்ற வரியே இருக்கிறது. நிறுவி முடிந்ததும் டிரைவர் மேனேஜரில் என்விடியாவின் சொந்த டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக வரும் நூவோ டிரைவர் திரையைக் காட்டும், எடிட்டிங்குக்கு உதவாது. அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஓடிக்கொண்டிருந்தால் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து பத்து நொடி நிற்கும். அந்தப் பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, 'என்ரோல் மோக்' என்பதில் போய், அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். இதை ஏதோ எரர் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். விட்டால் டிரைவர் ஏறாது, திரை பெரிய பெரிய எழுத்தாக நிற்கும். டிரைவரை நீக்கி மறுபடி போட்டால் அந்த வாய்ப்பு மீண்டும் வரும். செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்துவிடுவது இன்னொரு வழி.

எந்தக் கார்டு என்பதும் முக்கியம். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 900 வரிசை, 1050, 1060 போன்றவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர். அதற்கு மேல் நம்பர் உள்ளதைப் போட்டால் கார்டையே கண்டுகொள்ளாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ஜிடி 710-க்கு 470-ஓடு கதை முடிந்தது. அதை வைத்து டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை ஓட்ட நினைக்க வேண்டாம்.

விண்டோஸில் பழகிய எடிட்டிங் மென்பொருள்களான எடியஸும் பிரீமியரும் லினக்ஸில் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குவதே நல்லது. ரிசால்வ் உண்டு. ஆனால் அதைத் தயாரிப்பவர்கள் ராக்கி லினக்ஸ் என்ற வகையை மனத்தில் வைத்துச் செய்கிறார்கள். உபுண்டு 24.04, மின்ட் 22 ஆகிய லினக்ஸ் வகைகளில் ஐகானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காமல் இருக்கும். ரிசால்வ் தன்னோடு கொண்டுவரும் பழைய லைப்ரரிகள் சிஸ்டத்தின் புதிய லைப்ரரிகளோடு மோதுவதே காரணம். ரிசால்வின் 'லிப்ஸ்' ஃபோல்டரில் லிப்ஜிலிப், லிப்ஜியோ, லிப்ஜிமாட்யூல் என்று தொடங்கும் கோப்புகளை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தினால் திறக்கும். அழித்துவிடாதீர்கள், நகர்த்துங்கள்.

திறந்த பிறகுதான் பெரிய ஏமாற்றம். லினக்ஸுக்கான இலவச ரிசால்வ் ஹெச்.264, ஹெச்.265 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோக்களைத் திறக்காது, ஏஏசி ஆடியோவையும் எடுக்காது. நம் கேமராக்களிலும் டிரோனிலும் மொபைலிலும் வருவது எல்லாம் அதுதானே. சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ் வடிவில் எடுத்த கிளிப்பைப் போட்டால், அதன் ஆடியோ ஏஏசி இல்லாததால் மேளச் சத்தம் மட்டும் கேட்கும், படம் வராது. ஃபைல் கெட்டுவிட்டது என்று கார்டை ரெக்கவரிக்குக் கொடுக்க ஓட வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியைக் கொண்டு எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வீடியோ, சுருக்காத பிசிஎம் ஆடியோ, எம்ஓவி கோப்பு என்று மாற்றிக்கொண்டால் ரிசால்வ் வழுக்கிக்கொண்டு ஓடும். மொபைல் கிளிப்களில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும். மாற்றும்போதே 25 என்று நிலைப்படுத்தாவிட்டால் போகப்போகச் சத்தமும் உதடும் விலகிவிடும். 10 பிட்டில் எடுத்தவற்றுக்கு டிஎன்எக்ஸ்ஹெச்ஆரின் எச்க்யூஎக்ஸ் தரம் வேண்டும், மற்றதற்கு எஸ்க்யூ போதும்.

ஆனால் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 50 மெகாபிட்டில் எடுத்த கேமரா ஃபைல் மணிக்குச் சுமார் 22 ஜிபி. அதே ஃபுல் ஹெச்டி எஸ்க்யூவாக மாறினால் மணிக்கு 54 ஜிபி. முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், இரண்டு கேமரா என்று எட்டு மணி நேரம் சேர்ந்தால் 430 ஜிபிக்கு மேல் போகும். 4கே என்றால் நான்கு மடங்கு. அசல் ஃபைல்களும் டெலிவரி முடியும்வரை இருந்தாக வேண்டும்.

இவ்வளவு இடம் இல்லாதவர்களுக்குக் கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் தாராளமாகப் போதும். அது கேமரா ஃபைலை அப்படியே திறக்கும், பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டுமான சிறிய நகல்) வைத்துக்கொண்டால் பழைய பெட்டியிலும் வெட்டி ஒட்டலாம். யூனிகோடில் தட்டிய தமிழ் டைட்டிலில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும். கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயர் பிழையாக வந்தால் மற்ற வேலை எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, டெலிவரி கையில் இருக்கும் வாரத்தில் லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அப்டேட் போடாதீர்கள். புதிய கெர்னலுக்கு என்விடியா டிரைவர் பொருந்தாமல் போவது உண்டு. போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் எழும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் நுழையலாம். டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் முன்கூட்டியே ஒரு ஸ்நாப்ஷாட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்திருந்தால் இன்னும் நிம்மதி.

நாளும் பார்க்க வேண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் இந்த வேலையைத் தொடக்கூடாது. கல்யாண வேலை இல்லாத ஆடியும் மார்கழியும்தான் ஏற்றவை. கொடை வேலை எடுப்பவர்களுக்கு ஆடியும் ஒழியாது, அவர்கள் மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம். தங்கள் நாளிதழில் வரும் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்து, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால், அதன் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும், யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடமாவது தாங்குகிறதா என்று முன்னாடியே சோதியுங்கள்.

தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. அதைத் திறந்து பழகிய பிள்ளைகள் இன்று நம் பாலிடெக்னிக்குகளிலும் கல்லூரிகளிலும் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கக்கூடும். மாவட்டத்துக் கணினித் துறைகள் மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு நிறுவல் முகாம் வைத்தால் இந்தத் தொழிலை நம்பியிருக்கும் வீடுகளுக்குப் பேருதவியாக இருக்கும். வருபவர்கள் கார்டின் மாடல் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, டேட்டா டிஸ்க்குகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும். தங்கள் நாளிதழ் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.