கழுத்தில் தொங்கிய தகரப்பெட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

'வெள்ளைக்காரன் ரயிலாவது போட்டான்' என்ற பேச்சை ஆப்பிரிக்காவைப் பற்றியும் கேட்கிறேன். சரி, பிரிட்டன் ஆண்ட கென்யாவை எடுத்துக்கொள்வோம். 1901-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது உண்மை. போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன கூலிகள். அப்புறம் நல்ல மேட்டுநிலங்கள் வெள்ளையருக்குப் போயின. குடிசைக்கு வரி விதித்தார்கள். அதைக் கட்ட, அதே வெள்ளையரின் தோட்டத்தில் கூலி வேலை. 1920 வாக்கில் 16 வயது கடந்த ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவரும் 'கிபாண்டே' என்ற அடையாளச் சீட்டை வைத்திருக்க வேண்டும் என்றாக்கினார்கள். அதைத் தகரப்பெட்டியில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். நம்மூரில் மாட்டுக்கு மணி கட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது.

1952-இல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய மாவ் மாவ் எழுச்சியை ஒடுக்க நெருக்கடி நிலை, தடுப்பு முகாம்கள், சித்திரவதை. இதைச் சொல்லும் கோப்புகள் லண்டனுக்கு வடக்கே ஓர் அரசுக் கிடங்கில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது 2011-இல்தான் வெளியே வந்தது. 2013-இல் வருத்தம் தெரிவித்து, சித்திரவதைக்கு ஆளான 5,228 பேருக்காக, வழக்குச் செலவும் சேர்த்து 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தந்தது பிரிட்டன். சட்டப் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. அதற்குள் எத்தனையோ கிழவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்