1918 நாளிதழ்களை மின்னாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக, ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1918 இன்புளூயன்சா (விஷக் காய்ச்சல்) கொள்ளைநோய் ஒவ்வோர் ஊரிலும் என்ன செய்தது என்று தேடுவோருக்கு அரசின் இறப்புக் கணக்கு அதிகம் கைகொடுப்பதில்லை. பெரும்பாலான சாவுகள் அதில் பொதுவாகக் ‘காய்ச்சல்’ என்றே பதிவாயின. பதிய வேண்டிய கிராம அதிகாரிகளே படுத்துவிட்டதால் கணக்கும் குறைந்தது. எனவே, சுதேசமித்திரன் போன்ற இதழ்களின் ஊர்ச் செய்திகள்தான் நம்பிக்கை.

முதல் வேண்டுகோள்: கையில் இல்லாத இதழ்களின் தேதிகளையும் பட்டியலில் ஏற்றுங்கள். ஒரு வாரம் நோய்ச் செய்தியே கிடைக்காவிட்டால் நோய் தணிந்தது என்று ஆய்வாளர் எழுதிவிடுவார். உண்மையில் அந்த வாரத் தாள்களே தொகுப்பில் இல்லாமல் இருக்கலாம். செய்தி இல்லாமல் போக இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் செப்டம்பரில் சென்னையில் தானியக் கலவரம், நவம்பர் 11இல் முதல் உலகப் போர் நிறுத்தம். இப்படிப்பட்ட நாட்களில் முதலில் இடம் இழப்பது ஊர்ச் செய்திதான். தாள் முழுதாக இருந்தால்தான் இது புரியும்.

ஆகவே செய்திகளை மட்டும் நறுக்கி எடுக்காதீர்கள். ஜுர மருந்து விளம்பரம், பள்ளி மூடல் அறிவிப்பு, நீதிமன்ற ஒத்திவைப்பு, மரண அறிவிப்பு எல்லாம் எங்களுக்குச் சான்றுகளே. சில சமயம் தலையங்கத்தைவிட நல்ல சான்றுகள்.

படமெடுக்கும்போது கறுப்பு–வெள்ளையைத் தவிர்த்து, சாம்பல் நிறப் படிநிலையில் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வையுங்கள். பழுத்த தாளில் கறுப்பு–வெள்ளை முறை புள்ளிகளையும் மெல்லிய கோடுகளையும் தின்றுவிடும். இறுக்கிக் கட்டிய தொகுப்பில் உள்பக்கப் பத்தியின் ஓர எழுத்துகள் மடிப்புக்குள் மறையும். அதற்காக முதுகை வெட்டவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், தாள் பொடியும். வி வடிவத் தாங்கியில் வைத்து ஒவ்வொரு பக்கமாக எடுங்கள்.

எழுத்துணரியை (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளை, OCR) நம்பித் தேடல் வசதியை முடித்துவிடாதீர்கள். 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களில் அது தடுமாறும். ‘இன்புளூயன்சா’, ‘இன்ப்ளூயென்ஸா’, ‘விஷ ஜுரம்’, ‘விஷசுரம்’, ‘பம்பாய் காய்ச்சல்’, ‘நிமோனியா’ எல்லாவற்றையும் குறிச்சொல்லாக இணையுங்கள். ஊர்க்கடிதத்தின் தேதியையும் அச்சான தேதியையும் தனித்தனியே குறியுங்கள். கடிதம் அச்சேறப் பல நாள் பிடிக்கலாம். நோய் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்பது அங்கேதான் பிசகும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய இயலாதெனில், 1918 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான இதழ்களையும் ஒப்பிட 1917இன் அதே மாதங்களையும் முதலில் எடுங்கள்.

இப்படிக்கு,
ஊர்வாரி நோய் வரலாறு தேடுவோர்