முதலில் ஸ்கோர் புக்கைத் தேடு

மதுரை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. நம் மாவட்ட ஜூனியர் கிரிக்கெட் அணிகளின் ஆரம்ப வரலாற்றைத் தொகுக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஆடியவர்களைத் தேடிப்போய்ப் பேசுவதற்கு முன்னால், மேட்ச் கணக்கு எழுதிய ஸ்கோர் புக்குகளைத் தேடு. தாளைக் கையில் கொடுத்துக் கேட்டால்தான் ஞாபகம் சரியாக வரும். வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர் கடைக்கு முதலில் போவதும் அந்த நீள நோட்டுதான்.

'மாவட்டம்' என்று எதைச் சொல்கிறாய் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள். 1985 வரை திண்டுக்கல்லும் பழனியும் கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான். தேனி, பெரியகுளம், கம்பம் பிரிந்தது 1996-ல். பழைய அணியில் பழனிப் பையன் ஒருவன் இருந்தால் வெளியூர்க்காரன் என்று விட்டுவிடாதே. அரசு கோடு போட்ட அன்றே கிரிக்கெட் சங்கமும் பிரிந்ததாக நீயாக எழுதிவிடவும் கூடாது. அந்தந்த வருஷத்து அணிப் பட்டியலின் தலைப்பில் என்ன இருக்கிறதோ அதையே போடு.

'ஜூனியர்' என்பதும் இப்படித்தான். கூச் பெகார் கோப்பை 1945-46-ல் பள்ளி மாணவர் போட்டியாகத் தொடங்கியது. 19 வயதுக்குட்பட்டோர் போட்டியாக மாறியது 1987-88-ல்தான். எழுபதுகளின் பள்ளி அணிக்கு இன்றைய வயதுப் பிரிவின் பெயரைச் சூட்டினால் தப்பாகிவிடும். பிறந்த தேதியிலும் கவனம் வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே போட்ட மே, ஜூன் தேதிகள் ஏராளம். அதை நம்பி 'மிக இளைய வீரர்' என்று யாரையும் எழுதாதே.

தேதியில்லாத சான்றிதழ் கிடைத்தால் தலைப்பைப் பார். மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969-ல். ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' போய் 'சென்னை' வந்தது 1996-ல். ஆங்கிலத் தலைப்பில் புதுப் பெயர் இருந்தால் அந்த வருஷத்துக்கு முந்தைய தாளாக இருக்க வாய்ப்பு குறைவு. பழைய பெயர் மட்டும் இருந்தால் ஒன்றும் உறுதியில்லை; அச்சடித்து வைத்த தாளைத் தீரும்வரை ஓட்டியிருப்பார்கள்.

இனி ஸ்கோர் புக். ஒவ்வொரு இன்னிங்ஸையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பார். பேட்ஸ்மேன்கள் எடுத்த ரன்னோடு எக்ஸ்ட்ராவை, அதாவது பை, லெக்பை, வைடு, நோபால் என்று வந்த உதிரி ரன்களைச் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சுப் பக்கம்தான் காலை வாரும். எண்பதுகளின் நடுப்பகுதி வரை வைடும் நோபாலும் பவுலர் கணக்கில் ஏறாது. பவுலர்கள் கொடுத்த ரன், பை, லெக்பை மூன்றையும் கூட்டியும் நாலைந்து ரன் குறைந்தால், வைடையும் நோபாலையும் சேர்த்துப் பார். அப்போது சரியாக வந்தால் ஸ்கோரர் பிழை செய்யவில்லை, அது பழைய முறை. திருத்தாமல் அப்படியே எழுதி, ஓரத்தில் ஒரு குறிப்புப் போடு. விக்கெட்டையும் எண்ணு: பவுலர்கள் எடுத்ததோடு, ரன் அவுட் போல பவுலர் கணக்கில் சேராதவற்றைச் சேர்த்தால் விழுந்த விக்கெட்டுகள் வர வேண்டும்.

எண்கள் சரியானாலும், பாய் விரித்த 'மேட்' விக்கெட்டில் ஆடியதா, புல்தரை ஆடுகளமான டர்ஃபில் ஆடியதா என்று தெரியாமல் அவற்றுக்கு அர்த்தமில்லை. இறுகிய மண்மேல் தேங்காய்நார்ப் பாயை இழுத்து ஆணியடித்தால் அதுதான் மேட் விக்கெட். நன்றாக இழுத்துக் கட்டிய பாயில் பந்து சீராக எழும்பும், சுழலும் வேகமாகத் திரும்பும். பாய் தளர்ந்தாலோ, அடியில் ஒரு கல் கிடந்தாலோ, ஒரே இடத்தில் குத்தும் பந்து ஒருமுறை மூக்குக்கு வரும், மறுமுறை கணுக்காலுக்குப் போகும். மேட் விக்கெட்டில் வளர்ந்தவனுக்குப் பின்காலில் நின்று கட் அடிக்கும் பழக்கம் ஊறியிருக்கும். டர்ஃபில் பந்து தாழ்ந்து சறுக்கும்போது காலில் வாங்கி எல்பிடபிள்யூ ஆகிவிடுவான். சென்னைக்குப் போய் டர்ஃபில் ஆடிச் சொற்ப ரன்னில் திரும்பிய பையன்களைத் 'திறமை போதவில்லை' என்ற ஒரு வரியில் முடித்துவிடாதே, அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பெயர்களை இனிஷியலோடு எழுது, பள்ளிப் பெயரையும் சேர்த்துக்கொள். ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள்.

கையில் கிடைத்த முதல் நோட்டிலிருந்து நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. கூட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி