கேமரா வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பார்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

கண்ணு,

ரூ.1,60,000-க்கு கேமரா வாங்கப் போகிறேன் என்று சொன்னாய். ஏற்காட்டில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் பாதிதான் பேச முடிந்தது. கணக்கு விஷயம் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

நம் தெருவுக்குக் கொலுசு வாங்க வருகிறவர்கள், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள் என்று கேட்காமல் போக மாட்டார்கள். செய்கூலியும் சேதாரமும் போய்விடும், வெள்ளி நிற்கும். கேமராவில் பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவின், விலை செய்கூலி மாதிரி கரைவது. லென்ஸ்தான் வெள்ளி. அப்பாவின் ஸ்டுடியோ நோட்டை எழுதியவள் நான்தானே, அதனால் தெரியும்.

1994-ல் அப்பா நிக்கான் எஃப்எம்2 என்ற ஃபிலிம் கேமரா வாங்கினார். 2007-ல் டி80 என்ற டிஜிட்டல் கேமரா. எஃப்எம்2-வில் போட்ட அதே 50 எம்எம் லென்ஸைத்தான் டி80-யிலும் மாட்டினார். நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுன்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை, விடாமல் வைத்திருந்ததால் அது முடிந்தது. டி80-ஐ ஆறு வருடம் கழித்து விற்றபோது வாங்கிய விலையில் கால்வாசிகூடத் தேறவில்லை. அந்த லென்ஸ் இன்னும் பீரோவில் இருக்கிறது.

உன் கேமரா நான்கு வருடத்தில் 70,000-க்குப் போகிறது என்று வை. கரைந்தது 90,000, வருடத்துக்கு 22,500. தவணையில் வாங்கினால் வட்டி வேறு. அதையே இன்னொருவர் கரைத்து முடித்த பாடியாக 60,000-க்கு வாங்கி, அதே நான்கு வருடம் கழித்து 30,000-க்கு விற்றால் வருடத்துக்கு 7,500-தான். 2018-ல் கேனனும் நிக்கானும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குப் புது மவுன்ட் கொண்டுவந்த பிறகு பலர் உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவைத் தள்ளிவிடுகிறார்கள். நீ எடுக்கப் போவது பறவைகளை. அதற்கு நீளமான லென்ஸ்தான் வேண்டும், மிச்சமாகும் பணத்தை அதில் போடு. பழைய பாடி வாங்கும்போது ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேள், பில்லில் உள்ள நம்பரும் பாடியில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார். நீ விற்கும்போதும் பில்லும் டப்பாவும் இருந்தால்தான் விலை நிற்கும்.

இதெல்லாம் சரி, எனக்குப் பெரிய பயம் உன் மலைப் பனிதான். அப்பா ஒருமுறை ஐப்பசி மழையில் ஏற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மூன்று நாள் விடாத மழை. இறங்கி வந்த அசதியில் ஈரத் தோல் பையை அப்படியே பீரோவில் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து 80-200 ஜூம் லென்ஸை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிலந்தி இழைபோல வெள்ளை வெள்ளையாக ஃபங்கஸ். துடைத்தால் இழை போனது, அது தின்ற கோட்டிங் திரும்பவில்லை. ரூ.42,000 லென்ஸ் 4,000-க்குப் போனது. அன்று இரவு அப்பா சாப்பிடவே இல்லை.

அதனால் தோல் பையில் பூட்டி வைக்காதே. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி மறுபடி நீலமாக்கிப் போடு. சின்ன டிரை கேபினெட் ஒன்று வாங்கி ஈரப்பதத்தை 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது. கேமரா விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடு. பனியில் எடுத்துவிட்டு வந்தால் பை திறந்தபடி கொஞ்ச நேரம் இருக்கட்டும், அப்புறம் டப்பாவில் வை.

வரும் சனிக்கிழமை கீழே வருவாய்தானே? அப்பாவின் 50 எம்எம்மைத் துடைத்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போ. எந்த பாடி வாங்குவது என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

அம்மா