கத்தி வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

எனக்கு வாங்கி வந்தது போலவே உனக்கும் பிரான்ஸில் ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். அலகு கார்பன் எஃகா, இனாக்ஸ் என்கிற துருப்பிடிக்காத எஃகா, எது நல்லது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீ தந்த ஓப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி, 8-ஆம் நம்பர் அளவு, ஒரு வருஷமாக நம் நர்சரியில் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மாங்கன்றுக்கு ஒட்டுக்குச்சியை ஒரே இழுப்பில் சீவ வேண்டும். மழுங்கின கத்தி பட்டையை நசுக்கிவிடும். நசுங்கின குச்சி வேர்ச்செடியோடு சேராமல் கருகிப்போகும். முன்பு டவுன் கடை ஒன்றில், கத்திரியும் ஸ்க்ரூ டிரைவரும் சேர்ந்த பளபளப்பான கத்தி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அரை நாள்கூடத் தாங்கவில்லை. கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் கருக்கு ஏறவே இல்லை.

கார்பனையே வாங்கு. அலகில் கார்போன் என்று எழுதியிருக்கும். அந்த எஃகில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கார்பன். அது கல்லுக்குச் சட்டென்று இணங்குகிறது, ஏறின கூரும் நிற்கிறது. துருப்பிடிக்கும், உண்மைதான். எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே தொட்டியில் போட்டால் மறுநாள் செம்புள்ளி வந்துவிடும். நறுக்கியதும் கழுவித் துடைத்து வை, போதும். நாளாக நாளாக அலகு சாம்பல் நிறமாகும். அதைத் தேய்த்துப் போக்காதே, துருவை ஓரளவு தடுப்பதே அந்தப் படலம்தான்.

மலிவாக இருக்கிறதே என்று தயங்காதே. 1890-ல் பிரான்ஸின் சவுவா மலைப்பக்கத்தில் ஜோசப் ஓப்பினெல் செய்த கத்தி இது. குடியானவர்கள் பையில் வைத்துப் புழங்கிய பொருள். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1955-ல் சேர்த்த பூட்டு வளையம் ஒன்று. விரலை நறுக்காமல் காப்பது அந்த வளையம்தான். திறந்ததும் திருகிப் பூட்டிவிட்டுத்தான் எதையும் வெட்ட வேண்டும்.

பீச் மரப்பிடி ஈரத்தில் உப்பும். ஐப்பசி மழையில் எனக்கு அலகு வெளியே வரவே இல்லை. சவுவாக்காரர்கள் பிடியின் அடியைப் பலகையில் தட்டுவார்கள் என்று நீ சொன்னாயே, அப்படி இரண்டு தட்டுத் தட்டினேன், நுனி எட்டிப்பார்த்தது!

தீட்டுவதற்கு நைசான சாணைக்கல் ஒன்று வாங்கிக்கொள். கல்லை நனைத்து, அலகைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் அரை சென்டிமீட்டர் தூக்கு. கல்லின் மேல்தோலைச் சீவுவது போலத் தள்ளு. எதிர்ப்பக்கம் விரலால் தடவினால் சொரசொரவென்று பிசிறு தட்டும். அப்போது திருப்பிப் போடு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போகும்படி நாலைந்து இழுப்பு. கறிவேப்பிலைக் காம்பு சத்தமில்லாமல் அறுபட்டால் பதம் வந்துவிட்டது. அழுத்தாதே அம்மா, கல்லே வேலை செய்யும்.

இன்னொன்று. தகுந்த காரணமில்லாமல் கத்தியோடு வெளியே திரிவது பிரான்ஸில் சட்டப்படி குற்றம். மலையேறப் போகும்போது சாப்பாட்டுப் பையில் எடுத்துப் போ, மற்ற நாள் அறையிலேயே இருக்கட்டும்.

ஊருக்கு வரும்போது கையில் வைத்துக்கொள்ளும் பையில் போடாதே, செக்-இன் பெட்டியில் வை. முதல் சாணை நான் பிடித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா