'டு' வினையும் 'தட்' துணைவாக்கியமும் சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் நூல்களிலும் நாளிதழ்ப் பயிற்சிப் பகுதிகளிலும் இன்ஃபினிடிவ் எனப்படும் 'டு' சேர்ந்த வினைவடிவம் ஒரு பாடமாகவும், 'தட்' என்று தொடங்கும் துணைவாக்கியம் வேறொரு பாடமாகவும் நடத்தப்படுகின்றன. இரண்டும் அடுத்தடுத்து வரும் இடம் எந்தப் பாடத்திலும் சேராமல் விடுபட்டுப்போகிறது. விண்ணப்பம், சான்றிதழ், அறிக்கை, மின்னஞ்சல் என எதை எழுதப் புகுந்தாலும் முதலில் தேவைப்படுவது அந்த இடம்தான் என்பதால், ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் இதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

'திஸ் இஸ் டு சர்டிஃபை தட்' என்ற தொடரைச் சான்றிதழ்களில் பார்க்காதவர் அரிது. அதே அச்சில் வார்த்ததுபோல 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் தட்' என்று அலுவலகக் கடிதங்களில் எழுதுகிறார்கள். முன்னது சரி, பின்னது பிழை. சான்றளிப்பதைக் குறிக்கும் 'சர்டிஃபை' என்ற வினை, யாருக்கு என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே 'தட்' துணைவாக்கியத்தை ஏற்கும். 'இன்ஃபார்ம்' அப்படி ஏற்காது. யாருக்குத் தெரிவிக்கிறோம் என்பதை முதலில் சொல்லி, 'டு இன்ஃபார்ம் யூ தட்' என்றே எழுத வேண்டும். 'டெல்', 'ரிமைண்ட்', 'கன்வின்ஸ்' ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. 'சே', 'அட்மிட்', 'ப்ரூவ்' ஆகியவை அந்த இனம் அல்ல. 'எக்ஸ்பிளெய்ன்' இன்னும் சற்று மாறுபட்டது. அது ஆளைக் கேட்பதில்லை, ஆனால் ஆளைச் சொல்ல விரும்பினால் 'டு எக்ஸ்பிளெய்ன் டு ஹிம் தட்' என்று இன்னொரு 'டு' வேண்டும். 'எக்ஸ்பிளெய்ன் ஹிம் தட்' என்பது நம்மிடையே எவ்வளவு பரவியிருந்தாலும் பிழையே.

இந்த வேறுபாடு வினையின் இயல்பிலிருந்து வருவது, 'டு' என்ற சொல்லால் வருவதன்று. 'ஹி செட் தட்' என்று எழுத முடிகிற வினையை 'டு சே தட்', 'டு ஹேவ் செட் தட்' என்றும் எழுதலாம். இன்ஃபினிடிவ் தனக்கென்று காலம் காட்டாது; எழுவாய்க்கேற்ப உருமாறாது. ஆயினும் அந்த வினை தனக்குப் பின்னால் எதைக் கேட்குமோ அதைக் கேட்கும் உரிமையை இழப்பதே இல்லை. இந்த ஒன்றை மாணவர் மனத்தில் பதிய வைத்துவிட்டால், 'டு' வந்துவிட்டதே, இனி என்ன எழுதுவது என்ற தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தயக்கத்தைவிடப் பெரிய இடையூறு நம்முடைய 'என்று' என்ற சொல்லால் வருகிறது. தமிழில் சொல்வது, நினைப்பது, கேட்பது, விரும்புவது, அஞ்சுவது என எல்லா வினைகளுக்கும் முன்னால் 'என்று' வந்து நிற்கும். 'அவர் சொல்வது சரி என்று சொல்ல விரும்புகிறேன்' என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் ஏறக்குறையத் தலைகீழாகி, 'ஐ வாண்ட் டு சே தட் ஹி இஸ் ரைட்' என்று வருகிறது. இந்த வரிசை மாற்றத்தை மாணவர்கள் விரைவிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் 'என்று' வரும் இடமெல்லாம் 'தட்' வரும் என்று அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். 'நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பது 'ஐ வாண்ட் தட் யூ கம்' ஆகிவிடுகிறது. ஆனால் ஆங்கிலம் அங்கே 'ஐ வாண்ட் யூ டு கம்' என்பதையே ஏற்கும். 'வருவாரா என்று கேட்க விரும்பினேன்' என்பது 'ஐ வாண்டட் டு ஆஸ்க் தட் வில் ஹி கம்' ஆகிவிடுகிறது. ஆம், இல்லை என்ற விடையை எதிர்பார்க்கும் கேள்வியானால் 'தட்' அங்கே நுழையவே கூடாது, 'ஐ வாண்டட் டு ஆஸ்க் வெதர் ஹி வுட் கம்' என்றுதான் வர வேண்டும்.

இதே காரணத்தால் இன்னொரு பிழையும் நேர்கிறது. அது பொருளையே மாற்றிவிடுவது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் ஒருவர் சொன்னதை 'நான் தயாராக இருக்கிறேன் என்று அவர் சொல்ல விரும்பினார்' என்று, அவர் வாய்ச்சொல்லை அப்படியே வைத்து எழுதுவது இயல்பு. அந்த 'நான்' அவரைத்தான் குறிக்கிறது என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஹி வாண்டட் டு சே தட் ஐ வாஸ் ரெடி' என்றால் தயாராக இருந்தவர் எழுதுகிறவரே ஆகிவிடுகிறார். 'தட்' வந்த உடனே சொல்பவரின் குரல் மறைந்து எழுதுபவரின் குரல் தொடங்குகிறது என்பதையும், ஆகவே 'ஹி வாண்டட் டு சே தட் ஹி வாஸ் ரெடி' என்றே எழுத வேண்டும் என்பதையும் தனியே பயிற்சி கொடுத்துப் பழக்க வேண்டும்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'டு சே' காலம் காட்டாததால், துணைவாக்கியத்தின் காலம் அதற்கு முன்னுள்ள முதன்மை வினையைப் பார்த்து அமைகிறது. என்றும் மாறாத உண்மையானால் நிகழ்காலத்திலேயே விட்டுவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலிலியோவைப் பற்றி எழுதும்போதும் 'கலிலியோ வாண்டட் டு ஷோ தட் தி எர்த் மூவ்ஸ் ரவுண்ட் தி சன்' என்று எழுதுவது பிழையாகாது.

கோரிக்கையையும் வற்புறுத்தலையும் குறிக்கும் வினைகளில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. 'டு டிமாண்ட் தட் ஹி ரிசைன்' என்பதில் 'ஹி'க்குப் பின்னால் 'ரிசைன்ஸ்' வருவதில்லை, வினை அடிச்சொல்லாகவே நிற்கிறது. 'டு ரெகமெண்ட் தட் ஷி கோ' என்பதும் அப்படியே. அங்கே 'ஷுட்' சேர்த்து எழுதுவதும் வழக்கில் உண்டு. அச்சுப்பிழை என்று எண்ணி 'எஸ்' சேர்த்துத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மாணவர்களுக்குக் காட்டச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முன்னுரையை எடுத்துக்கொள்ளலாம். பொது நலனுக்காக அன்றிப் படைபலம் பயன்படுத்தப்படாது என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று கூறும் பகுதியில் 'டு என்ஷூர்' என்று தொடங்கி, கொள்கைகளை ஏற்பதாலும் வழிமுறைகளை அமைப்பதாலும் என்ற பொருள்படும் நீண்ட தொடரை இடையில் வைத்து, அதன் பிறகே 'தட் ஆர்ம்ட் ஃபோர்ஸ் ஷல் நாட் பி யூஸ்ட்' என்று வருகிறது. வினைக்கும் துணைவாக்கியத்துக்கும் இடையே இத்தனை சொற்கள் புகுந்தும் வாசிப்பவர் வழி தவறாமல் இருப்பதற்கு அந்த 'தட்' ஒன்றே காரணம். 'ஐ வாண்ட் டு சே ஹி இஸ் ரைட்' என்று பேச்சில் அதை விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள், விடக்கூடாத இடம் எது என்பதையும் இந்தப் பகுதியைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம்.

உயர்நிலை மாணவர்களுக்கு 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனமும் உதவும். 'வி ஹோல்ட் தீஸ் ட்ரூத்ஸ் டு பி செல்ஃப்-எவிடெண்ட், தட் ஆல் மென் ஆர் கிரியேட்டட் ஈக்வல்' என்ற புகழ்பெற்ற வாக்கியத்தில் 'டு பி' வந்து, அதையடுத்து 'தட்' வருகிறது. ஆனால் இங்கே அந்தத் துணைவாக்கியம் 'டு பி'க்கு உரியதன்று, 'தீஸ் ட்ரூத்ஸ்' என்று முன்னால் சொன்ன உண்மைகள் எவை என்பதை விரித்துரைப்பது. 'டு'க்குப் பின்னால் வரும் 'தட்' எல்லாம் அந்த வினையைச் சார்ந்ததே என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பயன்பாட்டின் வளமும் கற்பவர்களுக்குத் தெரிய வேண்டும். 'இட் இஸ் ராங் டு திங்க் தட்' என்று பிறர் கருத்தை மரியாதையுடன் மறுக்கலாம். 'திஸ் இஸ் நாட் டு சே தட்' என்று, தன் கருத்துக்குப் பிறர் தவறான பொருள் கொள்ளாதபடி முன்கூட்டியே தடுத்துவைக்கலாம். முதன்மை வினையே இல்லாமல் 'டு திங்க் தட் ஹி வாஸ் ஒன்லி டென்!' என்று சொல்லி, அப்போது அவனுக்குப் பத்து வயதுதானே என்ற வியப்பையும் வெளியிடலாம்.

எனவே ஆங்கிலப் பயிற்சிப் பகுதிகளில் வினைச்சொற்களைப் பொருளோடு மட்டும் பட்டியலிடாமல், ஒவ்வொன்றும் 'தட்' ஏற்குமா, ஆளைக் கேட்குமா, 'வெதர்' கேட்குமா என்பதையும் ஒரு முழு வாக்கியத்தோடு சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 'சே', 'டெல்', 'இன்ஃபார்ம்', 'எக்ஸ்பிளெய்ன்', 'ஆஸ்க்', 'வாண்ட்' ஆகிய ஆறு வினைகளிலிருந்து தொடங்கினாலே, அன்றாடம் எழுதும் கடிதங்களில் காணப்படும் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தொட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்