பெரியப்பாவுக்கு, பலகையில் ஒட்டிய துணி பற்றி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஆடி மாதத்திலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. உங்கள் வீட்டுத் தம்பியிடம் கேட்டேன். "நீ துணியைக் கொண்டுபோய்ப் பலகையில ஒட்டிட்டேன்னு அப்பாவுக்குக் கோபம்ணே" என்றான். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். அவன் உங்களுக்குப் படித்துக் காட்டுவான். ஊர் முன்னால் சொன்னால் பூசி மெழுக முடியாது என்பதும் ஒரு காரணம்.

நீங்கள் நெய்து கொடுத்த துணியை வண்டிச் சுவரில் ஒட்டினேன் என்று கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியையும் கேளுங்கள்.

ஊர் சுற்றும்போது உள்ளே படுத்துத் தூங்க நான் கட்டிய வண்டியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்து, ஒரே அச்சில் இரண்டு சக்கரம் மாட்டி, மேலே ப்ளைவுட் பெட்டி கட்டினேன். ப்ளைவுட் 8-க்கு 4 அடியில் வருகிறது. அதை வெட்டாமல் நிறுத்தியதால் சுவர் 8 அடி நீளம். தரையும் கூரையும் தின்றது போக உள்ளே 44 அங்குல உயரம். எழுந்து நிற்க முடியாது, இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம். ஜீப்பின் பின்னால் கோர்த்து இழுத்துப் போகலாம். அம்மா அதைக் கோழிக்கூண்டு என்றுதான் சொல்கிறாள்.

உள்ளே படுத்துப் பார்த்தால் சரக்குப் பெட்டிக்குள் படுத்த மாதிரி இருந்தது. ஆசாரி, "நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டுறவங்க மாதிரி ரெக்சின் அடிச்சிரலாம் சார்" என்றார். சேலம் வெயிலில் ரெக்சின் சுவரில் முதுகு பட்டால் எப்படி இருக்கும்! அன்றைக்கு ராத்திரிதான் பீரோவில் இருந்த உங்கள் துணி ஞாபகம் வந்தது.

அம்மாப்பேட்டை வீட்டில் குழித்தறியைக் கழற்றும் முன் நீங்கள் ஓட்டிய கடைசிப் பாவு. சேலை சேலையாக அறுக்காமல் 16 மீட்டரும் ஒரே நீளமாக, சாம்பல் உடம்பில் அரக்குக் கட்டம். "எதுக்காச்சும் ஆகும், வச்சுக்க" என்று கொடுத்தீர்கள். நான்கு வருஷம் ரசகற்பூர உருண்டையோடு கிடந்தது. எடுத்துப் பிரித்தபோது மடிப்புகளில் கோடு விழுந்திருந்தது. அப்படியே வைத்திருந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் இற்றிருக்கும். இது என் தரப்பு வாதம். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி என் குற்றம். சித்திரை மாதம், கத்திரி வெயில். கடைக்காரர் சொன்னார் என்று மஞ்சள் ரப்பர் பசை வாங்கினேன், சன்மைக்கா ஒட்டுவார்களே அது. பலகையிலும் துணியிலும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து வைக்க வேண்டும். வைத்தால் வைத்ததுதான், அரை அங்குலம்கூட நகர்த்த முடியாது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிற வாடை அந்தச் சின்னப் பெட்டிக்குள் மண்டைக்கு ஏறியது. கதவைத் திறந்து வைத்திருந்தும் அரை மணிக்கு ஒருதரம் வெளியே வந்து உட்கார்ந்தேன். துணி கோணலாகப் போனது. பத்து நாளில் பசை இழை வழியாக ஊறி, வெளிப்பக்கம் டீக்கறை மாதிரி திட்டுத் திட்டாக எழும்பியது. பிய்த்தால் பலகையின் மேல் தோலும் சேர்ந்து வந்தது. 3 மீட்டர் போயிற்று, பெரியப்பா. அதற்கு என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பிய்த்ததைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பாவடி ஞாபகம் வந்தது. விடிவதற்கு முன் அங்கே தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்து நீங்கள் எல்லோரும் கஞ்சி போடுவீர்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அடியில் குனிந்து ஓடினால் அதட்டுவீர்கள். நூலுக்கு விறைப்புக் கொடுப்பதும் கஞ்சி, தண்ணீர் பட்டால் விட்டுப்போவதும் அதே கஞ்சி. பருத்தியும் மாவும் காலங்காலமாகப் பழகியவை. நடுவில் ரப்பருக்கு என்ன வேலை?

அதுவும் சேலத்தில் இருந்துகொண்டு மாவுக்கு அலைய வேண்டுமா? ஆத்தூர், தலைவாசல் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகவே மரவள்ளிப் புளிப்பு வாடை வரும். ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச் மாவுக்கும் 1981-லிருந்து சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கமே நடத்துகிற ஊர் இது. இரண்டு கிலோ மரவள்ளி மாவு வாங்கிவந்தேன்.

முதலில் துணியைத் துவைத்தேன், இரண்டு தடவை. 48 அங்குல அகலம் 46-க்கு வந்து நின்றது. துவைக்காமல் ஈரப் பசையில் ஒட்டியிருந்தால் அந்த இரண்டு அங்குலமும் சுவரில் காயும்போது சுருங்கி, ஓரமெல்லாம் வாயைப் பிளந்திருக்கும். அரக்குச் சாயம் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன.

பலகையையும் சும்மா விடவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பிரைமர் இரண்டு கை அடித்தேன். வெறும் பலகை கஞ்சியைக் குடித்துவிடும், ஈரத்தில் உப்பிப்போகும், மரத்தின் சாறும் துணியில் கறையாக ஏறும். பிரைமர் இருந்தால் இந்த மூன்றும் இல்லை. என்றைக்காவது துணியை எடுக்க வேண்டுமென்றாலும் சுத்தமாக உரிந்து வரும்.

ஒரு டம்ளர் மாவுக்கு ஏழு டம்ளர் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வைக்க வேண்டும். சுடு தண்ணீரில் மாவைக் கொட்டினால் உருண்டைதான். கிண்டிக்கொண்டே இருந்தால் பால் மாதிரி இருப்பது ஒரு கட்டத்தில் சட்டென்று கண்ணாடி மாதிரி மாறுகிறது. இறக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி, பூச்சி வராமலிருக்க நாலு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டேன். கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நாம் சுவரில் பந்தி விரிக்கிறோம் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பசையைத் துணியில் தடவவில்லை, சுவரில்தான் ரோலரால் உருட்டினேன். பாவு நூல் நீளவாக்கில் ஓட, அதன் குறுக்கே போகும் ஊடை மேலும் கீழுமாக. ஆசாரி சுண்ணாம்பு நூல் அடித்துக் கொடுத்த கோட்டில் முதல் கட்டத்தை வைத்து, இரண்டடி ஒட்டுவது, அடுத்த இரண்டடிக்குப் பசை உருட்டுவது என்று போனோம். ஆசை தாங்காமல் ஒரு இடத்தில் இழுத்தேன். ஊடைப் பக்கம் துணி நெகிழ்ந்து கொடுத்துவிட்டது, கட்டமெல்லாம் வில்லாக வளைந்தது. ஆனால் இது கஞ்சியாயிற்றே! உரித்து, மறுபடி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிவிட்டேன், சரியாகிவிட்டது. பசை சில இடத்தில் துணியைத் தாண்டி வெளியே வந்தபோது வயிற்றைக் கலக்கியது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன், காய்ந்த பிறகு தடயமே இல்லை.

ஜன்னல் இருக்குமிடத்தில் துணியைப் பெருக்கல் குறியாக வெட்டி, நாலு முக்கோணத்தையும் உள்பக்கம் மடித்தேன். உங்கள் துணியில் கத்தரி வைத்தது அங்கே மட்டும்தான் வலித்தது. ஓரங்களில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு, இரண்டு நாள் காய்ந்த பிறகு புது பிளேடால் நறுக்கி, மேலே தேக்கு பீடிங் அடித்தோம். அடுப்பு வைக்கிற பின்பக்கத்தில் துணியே இல்லை, சன்மைக்காதான். நெருப்போடு விளையாட்டு வேண்டாம்.

ஐப்பசியில் ஏற்காட்டுக்கு இழுத்துப்போனேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி முறுகியது, பலகை முனகியது. துணியில் ஒரு சுருக்கம் விழவில்லை. நண்பனின் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினோம். ராத்திரி முழுக்க மழை. ஜன்னலை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு பேர் தூங்கினோம். காலையில் எழுந்தால் சுவர் நனைந்திருக்கிறது. ஒழுகலோ என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஒழுகல் இல்லை, எங்கள் மூச்சுதான் குளிர்ந்த சுவரில் தண்ணீராகியிருக்கிறது. ரெக்சினாக இருந்தால் முத்து முத்தாகத் தெரிந்திருக்கும். துணி உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. இதுதான் ஆபத்து. மெத்தை ஒட்டியிருந்த இடத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வந்தது, ஜன்னலுக்குக் கீழே ஒரு மூலை விட்டும் போனது.

இப்போது மெத்தையைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன். கூரைத் திறப்பை மழையிலும் கொஞ்சம் திறந்து வைக்கிறேன். விட்டுப்போன மூலையை ஈரப் பஞ்சால் நனைத்து, துளி கஞ்சி தொட்டு அழுத்தினேன், பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பசை இதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும், இந்தப் பாடெல்லாம் இருக்காது என்று நண்பன் சொன்னான். உண்மைதான். ஆனால் அது காய்ந்தால் உரிக்க முடியாது. இந்தத் துணியை நீங்கள் திருப்பிக் கேட்டால், சுவரை நனைத்து, முழுசாக உரித்து, அலசி, மடித்துக் கொடுக்க என்னால் முடியும், ஜன்னல் இரண்டைத் தவிர. பெட்டியைச் செய்தவன் என்ற முறையில் எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

கூரைக்கு இன்னும் ஒட்டவில்லை. நாலு மீட்டர் சொச்சம் மிச்சம் இருக்கிறது. கூரை 5 அடி அகலம் என்பதால் முழுக்க மூட அது போதாது. நடுவில் ஒரு நீளம் ஓடவிட்டு இரண்டு பக்கமும் மரம் தெரிய விடலாமா, அல்லது குறுக்கே விட்டு நடுவில் இணைப்புப் போடலாமா? தலைக்கு மேல் என்பதால் கஞ்சி இன்னும் கெட்டியாக வேண்டும். பாவுக்குப் போடும்போது இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்து ஏதோ பதம் பார்ப்பீர்களே, அது எனக்குச் சொல்லிக்கொடுக்கவேயில்லை.

கார்த்திகை மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை அங்கே கொண்டுவருகிறேன். உங்கள் தெருமுனையில் திரும்பாது, பாவடியில்தான் நிறுத்த வேண்டும். அதுவரை நடந்து வருவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன் அல்ல, தம்பி மகன்தான் (கோபத்தில் மறந்திருந்தால்)